எகிறும் ஈறும்

2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பதினோராம் நாள், திங்கட்கிழமை முற்பகல் பத்தரை மணிக்கு, பல் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் தமிழாசிரியரின் கையில் கொடுக்கப்பட்ட இரண்டு பக்கத் தாளில் பதினேழு பிழைகள் இருந்தன. மூன்று முறை எண்ணிப் பார்த்தார், பதினேழுதான்.

பணி ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியும் அவருடைய சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனா ஓய்வு பெறவில்லை. கடைவாய்ப் பல்லின் ஓட்டையை அடைத்துக்கொள்ளத்தான் வந்திருந்தார். ஆனால் தாளின் தலைப்பைப் பார்த்ததும் பல்வலி மறந்துபோயிற்று. 'எகிறு நோய் ஆராய்ச்சி கேள்வி தாள்' என்றிருந்தது. ஆராய்ச்சிக்கும் கேள்விக்கும் நடுவே வரவேண்டிய 'க்' இல்லை. கேள்விக்கும் தாளுக்கும் நடுவே வரவேண்டிய 'த்' இல்லை. போகட்டும் என்று கீழே போனால் நான்காம் கேள்வி நின்றது: 'பல் விலக்கும் போது எகிறுல இரத்தம் வருதா?'

உள்ளே அழைக்கப்பட்டபோது, சாய்வு நாற்காலியில் சாயாமல் அதன் நுனியில் உட்கார்ந்துகொண்டு அந்தத் தாளை மருத்துவரிடம் நீட்டினார். மருத்துவர் நாற்பது வயதைத் தாண்டிய பெண்மணி. ஈறு நோய்களையே தனியாகப் படித்தவர்.

"பல்லை விலக்கினால் இரத்தம் வராமல் பன்னீரா அம்மா வரும்? விலக்குவது வேறு, விளக்குவது வேறு. இதை நானூறு பேர் கையில் கொடுக்கப்போகிறீர்களாமே!"

சிவப்புக் கோடுகள் நிறைந்த தாளை மருத்துவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அய்யோ, இங்க வர்றவங்க வாயைவிட மோசமா ரத்தம் வடியுதே சார் இதுல! நான் பல்லுப் படிச்சவ. தமிழ் பள்ளிக்கூடத்தோட போச்சு. இங்கிலீஷ்ல வந்தத நானும் நர்சும் உட்கார்ந்து மாத்தினோம். நீங்களே சரி பண்ணிக் குடுத்துடுங்களேன்."

அந்த ஆய்வு எளிமையானது, நல்லதும்கூட. ஈறு வீங்கி இரத்தம் கசிபவர்களுக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை பல்லில் படிந்த காரையை நீக்கி, பல்லிடுக்கில் நுழையும் சிறு தூரிகையையும் பழக்கினால் ஓராண்டில் எவ்வளவு குணம் தெரிகிறது என்று அளக்கவேண்டும். அதற்கு நூறு பேராவது வேண்டும். ஆகவே முதலில் கடைத்தெரு, பேருந்துப் பணிமனை, குடியிருப்புகள் என்று நானூறு பேருக்குக் கேள்வித்தாள். இரத்தம் வருகிறது என்று குறியிட்டவர்களை மட்டும் அழைத்து வாயைச் சோதிப்பார்கள். 'இல்லை' என்றவர்களைத் தொந்தரவு செய்வதில்லை. ஒரு மனிதரின் ஈறு, நான்காம் கேள்விக்கு அவர் இடும் ஒரு சிறு குறியை நம்பியிருந்தது.

மூன்றாம் நாள் ஆசிரியர் திருத்திய படியோடு வந்தார். நான்காம் கேள்வி இப்போது இப்படி இருந்தது: 'பல் துலக்குங்கால் ஈறுகளினின்று குருதி கசிதல் உண்டா?'

மருத்துவர் தயங்கினார். "நல்லாருக்கு சார். ஆனா 'எகிறு' இருந்தா தேவலையோ? வர்றவங்க எல்லாம் எகிறு வலிக்குதுன்னுதான் சொல்றாங்க."

"எகிறுவது பந்து. எகிறுவது விலைவாசி. பல்லைப் பிடித்துக்கொண்டு ஓரிடத்தில் அடங்கியிருப்பது ஈறு."

மருத்துவர் சிரித்துவிட்டார். சிரித்ததும் அவர் பக்க வழக்கு தோற்றுப்போயிற்று. ஆனாலும் ஒன்றை விடவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து கட்டம் போட்ட ஒரு தாளை எடுத்தார்.

"எங்க வேலையில ஒரு முறை இருக்கு சார். கேள்விய எழுதினதும் அப்படியே ஊருக்குக் குடுத்துடக் கூடாது. மொதல்ல பத்துப் பேர்கிட்ட படிச்சுக் காட்டி, என்ன புரிஞ்சுதுன்னு அவங்க வார்த்தையிலேயே சொல்லச் சொல்லணும். கடைக்காரர், டிரைவர், வீட்டுல இருக்கறவங்கன்னு சாதாரண ஜனங்களா இருக்கணும். ஒருத்தருக்குப் புரியலைன்னாலும் கேள்விய மாத்தணும். நர்சுக்கு நேரமில்ல. நீங்க பண்ணிக் குடுப்பீங்களா?"

"மாற்றும் தேவை நேராது" என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டார் ஆசிரியர்.

முதலில் அவர் போனது மனைவியின் தம்பி வைத்திருந்த தையற்கடைக்கு. தையற்காரர் இரண்டு உதடுகளுக்கு நடுவே நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, ஒரு சட்டைக் கையை மூட்டிக்கொண்டிருந்தார். தைத்து முடித்ததும் நூலை முன்பல்லால் வெடுக்கென்று கடித்துத் துண்டித்தார். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் அவருக்குப் பல்தான்.

"வாங்க அத்தான்! காலர் கிழிஞ்சிடுச்சா?"

"காலர் கிடக்கட்டும். இதைப் படித்து, என்ன விளங்கியது என்று சொல்."

தையற்காரர் குண்டூசிகளைத் துணிப் பந்தில் குத்திவிட்டு எழுத்துக் கூட்டினார். "துலக்குங்கால்... கால் எங்க வந்துச்சு இதுல? ஈறு... ஈருங்களா? என் தலையில பேனே இல்ல அத்தான். முடியே இல்ல, ஈரு எங்கேர்ந்து வரும்?" வழுக்கையைத் தடவிக் காட்டினார். "அப்புறம் இது என்ன, குருவி கசியுதா?"

அளவு கொடுக்க வந்து நின்றிருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆசிரியரின் காது சிவந்தது.

"ஈறு தெரியாதா உனக்கு? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பள்ளியில் படித்ததில்லையா?"

"அது கெட்டுப்போச்சுன்னு மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

பெண்கள் இப்போது வாயைப் பொத்தவில்லை.

"மக்கு!" என்றார் ஆசிரியர். உரக்கவே சொன்னார். "முழு மக்கு!"

தையற்காரர் சிரிப்பை விடவில்லை. ஆனால் தலையைக் குனிந்துகொண்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எல்லாக் கேள்விகளுக்கும் 'இல்லை' என்று வரிசையாகக் குறியிட்டு நீட்டினார். "இந்தாங்க. ஆளு கிண்ணுன்னு இருக்கான்னு டாக்டருகிட்ட சொல்லுங்க."

அந்த இடத்தில் ஒரு சொல் போதும். 'பல்லு எகிறுல ரத்தம் வருதா?' என்று கேட்டிருந்தால் தையற்காரர் 'ஆமா' என்றிருப்பார். ஏனெனில் நான்கைந்து மாதமாக அவருக்கு வந்துகொண்டிருந்தது. ஆசிரியர் கேட்கவில்லை. தெருமுனையில் துணி தேய்க்கும் பெண்மணியிடம் போனார். அவர் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும், "என்னங்கய்யா, மந்திரமா?" என்றார்.

ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். கட்டம் போட்ட தாளில் இரண்டு வரிசை நிறைந்திருந்தது. இரண்டிலும் 'புரியவில்லை' என்று எழுதவேண்டும். அவர் அந்தத் தாளையும் மைத்துனர் குறியிட்ட தாளையும் சேர்த்து நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். மறுநாள் காலை, தம்மோடு பூங்காவில் நடைப்பயிற்சி செய்யும் பத்துப் பேரிடம் கேள்வியைப் படித்துக் காட்டினார். பத்துப் பேரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். அவர்களுள் நால்வர் தமிழாசிரியர்கள். அனைவருக்கும் விளங்கிற்று. ஒருவர் 'கசிதல்' என்பதைவிட 'கசிவு' சிறக்கும் என்றுகூடச் சொன்னார்.

புதிதாகக் கோடு போட்ட தாளில் 'தொழில்' என்ற கட்டத்தை நிரப்பும்போதுதான் அவருடைய பேனா சற்றே நின்றது. எழுதுபொருள் கடை மகன் பெயரில் இருந்த முன்னாள் கணித ஆசிரியர் 'கடைக்காரர்' ஆனார். சொந்தக் காரைத் தாமே ஓட்டும் முன்னாள் தலைமையாசிரியர் 'ஓட்டுநர்' ஆனார். ஓய்வுக்குப்பின் வீட்டிலிருக்கும் அம்மையார் 'இல்லத்தரசி' ஆனார். எழுத்துப் பிழை இல்லை, சந்திப் பிழை இல்லை. சொல் ஒவ்வொன்றும் சரி. தாள் முழுதும் பொய்.

"பத்துக்குப் பத்தா!" என்று மருத்துவர் வியந்தார். "இனிமே எல்லாத் தாளும் உங்ககிட்டதான் சார்."

மே, சூன் மாதங்களில் நானூறு தாள்கள் போய், நானூறும் திரும்பி வந்தன. 'ஆம்' என்று குறியிட்டவர்கள் பத்தொன்பது பேர்.

மருத்துவருக்குத் திகைப்பு. "மத்த இடத்துல எல்லாம் பாதிப் பேருக்கு மேல வருது சார். இங்க மட்டும் எப்படி?"

"நம்மவர்கள் ஒழுங்காகப் பல் துலக்குகிறார்கள் போலும்" என்றார் ஆசிரியர். தாள் தெளிவாக இருந்தால் விடையும் தெளிவாக வரும் என்று அவர் மனதார நம்பினார். நம்புவது வசதியாக இருந்தது. நூறு பேர் சேராததால், அந்தப் பகுதியில் ஆய்வின் சிகிச்சைப் பகுதியைத் தொடங்கவில்லை. அதற்காக வந்திறங்கிய பல் சிகிச்சை நாற்காலியும் கருவிகளும் உறை பிரிக்கப்படாமலே வேறோர் ஊருக்குப் போயின.

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தையற்காரர் அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். அக்காவின் பையில் அறுந்த வாரைத் தைத்துக் கொடுத்தவர், நூலைத் துண்டிக்கக் கத்தரிக்கோல் கேட்டார்.

"என்னடா அதிசயம்? நீ எப்பவும் எலி மாதிரி கடிப்பியே" என்றார் ஆசிரியரின் மனைவி.

"பல்லு ஆடுதுக்கா."

கீழ் உதட்டை இழுத்துக் காட்டினார். முன்பற்கள் இரண்டும் நாக்கு பட்டாலே முன்னும் பின்னும் அசைந்தன. ஈறு கருஞ்சிவப்பாய் வீங்கி, பல்லைவிட்டுப் பின்வாங்கியிருந்தது.

"எத்தனை நாளாடா இப்படி?"

"ஆடுறது ரெண்டு மாசமா. ரத்தம் ஒரு வருஷத்துக்கு மேலயே வருது. துப்பினா செவப்பாத்தான் இருக்கும்."

"டாக்டரப் பாக்கறதுக்கென்ன?"

"அதான் அத்தானே ஆஸ்பத்திரிப் பேப்பர் கொண்டாந்தாரே! எழுதிக் குடுத்தேன். அவங்களே கூப்பிடல. ஏதாச்சும் இருந்தா விட்டிருப்பாங்களா? ஒண்ணுமில்லைன்னு இருந்துட்டேன்."

மனைவி திரும்பிக் கணவரைப் பார்த்தார். ஆசிரியர் செய்தித்தாளைச் சற்று உயர்த்திப் பிடித்தார். மைத்துனர் குறியிட்ட தாள் எந்த மருத்துவரின் கண்ணிலும் படவில்லை. நான்கு துண்டாகக் குப்பையோடு போயிற்று. அதை அந்த வீட்டில் அவர் ஒருவரே அறிவார்.

மறுநாள் மைத்துனரை அவரே அழைத்துப் போனார். மருத்துவர், கறுப்புக் கோடுகள் போட்ட மெல்லிய அளவுக்கம்பியை ஒவ்வொரு பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி எண்களைச் சொல்ல, செவிலியர் எழுதிக்கொண்டார். மூன்று மில்லிமீட்டர்வரை இருந்தால் நலம் என்று சுவரிலிருந்த படம் சொன்னது. "ஆறு. எட்டு. எட்டு. ஏழு" என்றார் மருத்துவர். பிறகு முகமூடியைக் கீழிறக்கினார்.

"ரெண்டு பல்லுக்கு அடியில எலும்பே கரைஞ்சு போச்சுங்க. எடுத்துத்தான் ஆகணும். மத்ததக் காப்பாத்தலாம். எட்டு மாசம் முன்னாடி வந்திருந்தா எல்லாத்தையுமே நிறுத்தியிருக்கலாம்."

"அப்பவே பேப்பர் எழுதிக் குடுத்தேங்களே" என்றார் தையற்காரர்.

மருத்துவர் கணினியில் தேடினார். "உங்க பேர் லிஸ்ட்லயே இல்லையே?"

ஆசிரியர் கைப்பிடிச் சுவரைப் பற்றுவதுபோலக் குடையைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தார். சொல்லவேண்டிய நேரம் அதுதான். "பதிவில் விடுபட்டிருக்கலாம்" என்றார். இலக்கணம் வழுவாத வாக்கியம்.

மருத்துவர் பெருமூச்சு விட்டார். "இருக்கும். சரி, வெள்ளிக்கிழமை அறிக்கையை அனுப்பறேன் சார். இந்தப் பகுதியில ஈறு நோய் ரொம்பக் குறைவு, தனிச் சிகிச்சைப் பிரிவு தேவையில்லைன்னு முடிவு. உங்க பேருக்கும் நன்றி போட்டிருக்கேன்."

வெள்ளிக்கு நான்கு நாள் இருந்தது. அறிக்கை போய்விட்டால், 'இல்லை' என்று குறியிட்ட முந்நூற்று எண்பத்தொருவருக்கும் அந்த 'இல்லை' நிலைத்துவிடும்.

செவ்வாயன்று காலை, அவர் துணி தேய்க்கும் பெண்மணியின் முன்னே போய் நின்றார். கையில் தாளில்லை. "அம்மா, பல்லு விளக்கும்போது ரத்தம் வருதா?" என்று கேட்டார். வாய் கூசிற்று.

"ஆமாங்கய்யா. ரெண்டு வருஷமா" என்றார் அந்தப் பெண்மணி, தேய்ப்பதை நிறுத்தாமலே. "ஏன், நீங்க மருந்து வச்சிருக்கீங்களா?"

பேருந்து நிறுத்தத்தில் இருந்தவர்கள், காய்கறிக் கடைக்காரர், கடிதம் கொண்டு வருபவர் என்று பத்துப் பேரைக் கேட்டார். ஏழு பேர் ஆம் என்றார்கள். ஒருவர்கூடக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கத்தவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டு முடித்து, "உங்க தமிழ் நல்லாத்தான் இருக்கு" என்றார். "என் தம்பிக்குத்தான் பல்லு இல்ல."

புதனன்று மருத்துவமனை வாசல்வரை போய்த் திரும்பினார். வியாழனன்று உள்ளே போனார். அங்கே, வாழ்நாளில் முதன்முறையாக, ஓர் அலுவலக அறையில் அவருடைய வாக்கியங்கள் குலைந்தன.

"டாக்டரம்மா, அந்தப் பத்துப் பேரு... அது பொய். எல்லாரும் வாத்தியாருங்க. என்கூட நடக்கறவங்க."

"கடைக்காரர், டிரைவர்னு எழுதியிருந்தீங்களே?"

"எழுதினேன்."

"நிஜமா சாதாரண ஆளுங்க எத்தனை பேர்கிட்ட கேட்டீங்க?"

"ரெண்டு பேரு. ரெண்டு பேருக்குமே புரியல. ஒருத்தன் என் மச்சினன். அவன் தாளைத்தான் கிழிச்சுப் போட்டேன்."

 பக்கத்து அறையில் கருவிகளைக் கழுவும் சத்தம் கேட்டது. மருத்துவர், அனுப்புவதற்கு ஆயத்தமாக இருந்த அறிக்கையைத் திரையில் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நாற்காலி திரும்பிப் போச்சே, தெரியுமா சார்? அத வாங்க எத்தனை படி ஏறினேன்னு தெரியுமா? இத நான் எழுதித்தான் ஆகணும். உங்க பேரும் வரும், என் பேரும் வரும்."

"என் பேரு மட்டும் வரட்டும்மா."

"அப்படி எழுத முடியாது. பத்தொன்பதுன்னு வந்தப்பவே எனக்கு உறுத்திச்சு. அந்தப் பத்துப் பேர்ல ஒருத்தருக்காவது போன் போட்டிருக்கணும். போடல. வாத்தியார் பொய் சொல்லுவாரான்னு இருந்துட்டேன்."

ஆசிரியருக்கு அடி வாங்கியதுபோல இருந்தது. அவர் எதிர்பார்த்து வந்தது கோபம். நம்பிக்கையை எடுத்துக் காட்டுவார் என்று நினைக்கவில்லை.

"முந்நூத்தி எண்பத்தோரு பேரையும் நானே கூப்பிட்டுக் கேக்கறேன்" என்றார்.

"வேண்டாம். நீங்க பேச வேண்டாம். நர்சு பேசட்டும். ஜனங்க என்ன சொல்றாங்களோ அத அப்படியே எழுதுங்க. ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது."

ஒன்பது நாள் அப்படி எழுதினார். செவிலியர் தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்து, "பல்லு விளக்கறப்ப எகிறுல ரத்தம் வருதுங்களா?" என்று கேட்பார். ஆசிரியர் நீலப் பேனாவால் எழுதுவார். 'பிரஷ்ஷு செவந்து போவுது.' 'துப்புனா பிங்கு கலர்ல வரும்.' 'அது எல்லாத்துக்கும் வர்றதுதானுங்களே.' 'போவுது' என்று எழுதும்போது விரல்கள் தாமாக 'போகிறது'க்கு நகர்ந்தன; பிடித்து நிறுத்தினார். ஒரு முதியவர் மட்டும் கேள்வியைக் கேட்டு மெதுவாகச் சிரித்தார். "மொதல்ல வந்துச்சும்மா. இந்த ஐப்பசியோட பல்லே போச்சு. இப்ப ரத்தம் இல்ல, சுகமா இருக்கேன்." அதை எழுதி முடித்தபின் ஆசிரியர் எழுந்து வெளியே போய், முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

முந்நூற்று எண்பத்தொருவரில் இருநூற்றுப் பதினெட்டுப் பேர் 'ஆம்' என்றார்கள். பழைய அறிக்கை போகவில்லை. நாற்காலி திரும்ப வருமா என்று தெரியவில்லை. மருத்துவர் மறுபடியும் படியேறத் தொடங்கியிருந்தார்.

கடைசியாக அவர் போகவேண்டியிருந்தது தையற்கடைக்கு. பல் எடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. தையற்காரர் பேசும்போது காற்று கலந்து வந்தது. குண்டூசிகளை இப்போது உதட்டில் கவ்வாமல் மேசைமேல் வைத்திருந்தார். ஆசிரியர் நின்றபடியே, கிழித்த தாளைப் பற்றிச் சொன்னார்.

"ரெண்டு பல்லுதானே அத்தான், விடுங்க. இனிமே விசில் அடிக்கக் கத்துக்கவே வேணாம், தானா வருது" என்று சிரித்தார் தையற்காரர். பிறகு துணியைக் கீழே வைத்தார். சிரிப்பு போயிருந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா? ரத்தம் நிறைய வந்தப்ப உங்ககிட்ட கேக்கணும்னு ரெண்டு தடவ கெளம்பினேன். அந்தப் பேப்பர்ல என்ன இருந்துச்சு, இதத்தான் கேட்டாங்களான்னு. அன்னிக்கு அந்தப் பொம்பளைங்க முன்னாடி மக்குன்னீங்க இல்ல? திரும்பக் கேட்டா திரும்பச் சொல்லுவீங்கன்னு வரல."

 பணியாற்றிய முப்பத்திரண்டு ஆண்டுகளில் எத்தனை பேரை அந்தச் சொல்லால் உட்காரவைத்திருக்கிறோம் என்று ஆசிரியர் எண்ணத் தொடங்கி, எண்ண முடியாமல் நின்றார். மன்னிப்புக் கேட்டார். தையற்காரர், "சரி அத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு இயந்திரத்தை மிதித்தார்.

இதைப் படிக்கும் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்; இதை வேண்டுகோளாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கட்டளையாகவே கொள்ளுங்கள். நாளைக் காலை வாய் கொப்பளித்துத் துப்பிய நீரைக் குனிந்து பாருங்கள். சிவந்திருந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். அங்கே தரப்படும் தாளில் ஒரு சொல் விளங்காவிட்டாலும் குறியிடாதீர்கள். 'புரியல' என்று உரக்கச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் எவ்வளவு படித்தவராயினும், அவர் முகம் சுளித்தால், இன்னும் உரக்கச் சொல்லுங்கள்.